வெள்ளைக் கால்சட்டையும் கிரீஸ் டப்பாவும்

ஒருவரைக் குறை சொல்லப் போகிறவர்கள் முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அவரைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் இருக்கிறது. அதை இப்போதே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். சுத்தமான மனிதர். மலாக்காவில் லூபோக் சீனா போகிற பாதையில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவரைவிட வெளுத்த சட்டை போட்ட ஆள் கிடையாது.

பெயர் வேண்டாம். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலாக்கா டவுனில் நல்லபடியாக இருக்கிறார்கள். யாராவது படித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றால் நான் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 'அவர்' என்று நான் எழுதுவதையும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதில் மூத்தவர், நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அவர் தோட்டத்து டிராக்டர் டிரைவர். நான் அதே கொட்டகையில் அவருக்கு அடுத்த ஆள். எங்கள் டிராக்டருக்கு ரப்பர் சக்கரம் கிடையாது. இருபுறமும் அகலமான இரும்புச் சங்கிலி உருள, சேறானாலும் மேடானாலும் ஊர்ந்து போகும். பின்னால் பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கோத்திருப்போம். மேட்டுக்காட்டில் மரம் சீவி முடித்த ஆட்களையும் அவர்களுடைய பால் வாளிகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, பால் சேர்க்கும் ஸ்டோருக்கு இறங்கி வர வேண்டும். அவர் முன்னால் இருக்கையில் இருப்பார். நான் பெட்டியில் நின்றபடி இறக்கத்தில் தடைக்கட்டையை இழுத்துப் பிடிப்பேன். என்னைச் சுற்றிப் பெட்டியின் விளிம்பில் பெண்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். ஒருத்திக்கும் பயம் இருந்ததில்லை. அவர்களுக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டு வருவேன்.

கித்தா விலை விழுந்து கிடந்த காலம் அது. ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம். பக்கத்துத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரு நாள் விடிகாலையில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, துரையின் பக்கத்தில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார்.

“டிராக்டர் கொட்டாய்ல ரெண்டு ஆளு கட்டாதுன்னு தொர சொல்றாரு. கொஞ்ச நாள் பாப்பாரு. ஒருத்தரு இருப்பாரு, இன்னொருத்தருக்குக் கப்பல்தான்.”

என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். நாங்கள் இந்த நாட்டுக்கு வரும்போதே முதல் பிள்ளை கப்பலில், வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தது. கிராணி சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

“கப்பல் பேச்சே எடுக்காதீங்க. ஒரு பிள்ளைய அதுல குடுத்தது போதும். அந்தத் தொர காலுல விழுந்தாவது இங்கயே இருங்க.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ கவலையே இல்லை. துரை எதைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும்.

துரை சட்டையைப் பார்ப்பார். கையைப் பார்ப்பார். தன் கைக்குட்டையை எடுத்து வண்டியின் மூடியைத் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டையில் கறை இருக்காது. “குட்” என்பார். அவருக்குத் தன் பழைய தொப்பி ஒன்றைக்கூடக் கொடுத்தார். என் பக்கம் திரும்பினால் துரையின் மூக்கு தானாகச் சுருங்கும். ரப்பரைப் புகைபோட விறகு அடுக்குவது, சங்கிலியில் அப்பிய சேற்றை வழிப்பது, பெட்டியில் கொட்டிய பாலைச் சுரண்டுவது எல்லாம் என் வேலை. அதைச் செய்துவிட்டு எப்படி வெள்ளையாக நிற்பது?

ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். அந்த வண்டிக்குத் தினமும் காலையில் கிரீஸ் ஏற்ற வேண்டும். சங்கிலிக்கு உள்ளே, வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கும் உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு உருளையின் நடுவிலும் ஒரு குழி. குழிக்குள் சின்னதாகப் பித்தளை முனை. கைப்பம்பின் மூக்கை அதில் பொருத்தி அழுத்தினால் புதுக் கிரீஸ் உள்ளே போகும். உள்ளே இருந்த பழையது, மண்ணும் இரும்புத் தூளும் சேர்ந்து கறுத்து, ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும். பழையது வெளியே வந்தால்தான் புதியது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு வரும்வரை அழுத்த வேண்டும். வந்தால் கையில் ஒட்டும், முழங்கையில் வழியும், தலைமயிரில்கூட ஏறும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை.

அந்த வேலையைத்தான் அவர் ஒரு சொட்டுக் கறைகூடப் படாமல் செய்வார். தோட்டமே வேடிக்கை பார்க்கும்.

முதலில் ஒரு சோப்புக் கட்டியை எடுத்து நகத்தால் வறட்டு வறட்டென்று சுரண்டுவார். “நகத்துக்குள்ள சோப்ப ரொப்பிக்கணும் தம்பி. அங்க சோப்பு இருந்தா கிரீஸு எங்க போயி குந்தும்?” பிறகு முழங்கைவரை தேங்காய் எண்ணெய். “தோலு எண்ணெயக் குடிச்சிட்டா கிரீஸக் குடிக்காது.” கிரீஸ் டப்பாவை முன்கூட்டியே வெயிலில் வைத்து இளக்கியிருப்பார். கையால் அள்ளிப் பம்பில் அடைப்பது காட்டான் வேலை என்பார். பம்பின் வாயை டப்பாவுக்குள் அமுக்கிப் பிடியை மெல்ல இழுத்தால் தானே ஏறிக்கொள்ளும். நடுவே காற்று நின்றுவிடாமல் பம்பைக் கட்டையில் தட்டுவார். பம்பின் மூக்கில் கித்தா ஷீட்டை வட்டமாக வெட்டி மாட்டியிருப்பார். பொருத்தினால் பக்கவாட்டில் பீச்சாது. கீழே விரித்துப் படுக்கப் பாக்குமட்டை. வழிவதைத் தாங்கக் கொட்டாங்கச்சி. வழிக்க, நாக்கு மாதிரி சீவிய மூங்கில் பட்டை. முனையைத் துடைக்க ஒரு துணி, கையைத் துடைக்க வேறொரு துணி. அந்தத் துணிகள் எல்லாம் அவர் மனைவியின் சேலைகள். நன்றாக இருந்த சேலையைக்கூடக் கிழிப்பார். பழைய துணி நூல் விடுமாம்.

மரம் சீவும் பெண்களில் அஞ்சலை அக்கா என்று ஒருத்தி. வாய் நீளம். பெட்டியில் ஏறுவதற்குக் காத்துக்கொண்டு நின்றபடி கேட்பாள்.

“என்னா டிரைவரே, கிரீஸு போடப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான் அஞ்சல. மாப்ள சட்டையில கற இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்?”

“அதான் ஒங்களுக்கு அந்தப் புண்ணியவதி கெடச்சாளா? அவ சேலைய வேற கிழிக்கிறீங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, “என்ன தம்பி, சாப்ட்டியா?” என்று என் முதுகில் தட்டுவார். பாசக்கார மனிதர் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் ஒரு நாள் துவைக்கும் கல்லில் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அவரு தெனம் ஒங்கள முதுகுல தட்டுறாரா?”

“ஆமா. ஏன்?”

“அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. ஒங்க முதுகு என்னா அவரு கைத்துண்டா?”

பார்த்தேன். கறுப்பாக, தெளிவாக, ரேகைகூடத் தெரிந்தது. எப்படித்தான் படாமலே செய்கிறாரோ என்று நான் ஆச்சரியப்பட்டதில் கொஞ்சம் அங்கே ஒட்டியிருந்தது.

தோட்டத்துக்கு வருவதற்கு முன் மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கார் ஓட்டியதாகச் சொல்வார். தவுக்கேயின் பெயரைவிடக் காரின் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஒரு முறை கொட்டும் மழையில் தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் டயர் வெடித்ததாம். கடற்காற்று, மழை, சேறு. டயரை மாற்றி முடித்துப் பார்த்தால் அவர் சட்டையில் ஒரு பொட்டுகூட இல்லையாம். தவுக்கே மூக்கில் விரலை வைத்தாராம். இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒரு தடவை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டேன்.

“ஜாக்கி போடக் கீழ படுத்திருப்பீங்களே அண்ணே, அப்பக்கூடவா படல?”

“நான் எதுக்குப் படுக்கணும்? தவுக்கே வீட்டுத் தோட்டக்காரன் கூட வந்திருந்தான். அவன் படுத்தான்.”

“அப்ப நீங்க?”

“கொடை பிடிச்சேன்லா.”

“தவுக்கேக்கா?”

“எனக்குத்தான்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை. அந்தத் தோட்டக்காரன் என்ன ஆனான், மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்தானா என்று எனக்குத்தான் இரண்டு நாள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று என்னை அடிக்கடி கேட்பார். அவர் படித்தது நான்காம் வகுப்பு.

கிரீஸ் டப்பாவுக்கு மூடி போட்டு, மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் கட்டியிருப்பார். நான் பம்பைத் தொடக்கூடாது. தொட்டால் பாழாக்கிவிடுவேனாம். “ஒன் கையப் பாரு, எரும கொளம்பு மாதிரி. இது பவுசான வேல தம்பி.” சரி, பெரியவர், பழகினவர், அவரே செய்யட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆயுத பூசைக்கு வண்டியைக் குளிப்பாட்டிச் சோடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சங்கிலிக்கு அடியில் வைத்து நசுக்குவோம். துரைக்கும் ஒரு மாலை. அந்த வருடம் சந்தனம், குங்குமம் வைக்கும் வேலையை அவரே வாங்கிக்கொண்டார். சந்தனம் கறை இல்லையே. விளக்கு, பிடி, இருக்கை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, பாக்குமட்டையில் படுத்து ஒவ்வொரு உருளையின் குழிக்குள்ளும் கையை விட்டு, அந்தப் பித்தளை முனைகளிலும் சந்தனத்தை அப்பி நடுவே குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டிய கிழவர்கூட, “ஒரு எடம் விடாம வச்சிருக்கானே!” என்று மெச்சினார். துரை குனிந்து பார்த்து, “வெரி பிரெட்டி” என்றார்.

பூசை முடிந்து சில வாரங்கள் கழித்து வண்டியில் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. இறக்கத்தில் வரும்போது மட்டும். எலியை மிதித்தது மாதிரி இருக்கும். பெண்கள் பேச்சில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எனக்கு அது மாதிரி சத்தங்கள்தான் முதலில் கேட்கும். அவரிடம் சொன்னேன்.

“இரும்புன்னா சத்தம் போடும். ஒன் பொண்டாட்டி போடல?”

சத்தம் நிற்கவில்லை. கிராணி அந்தக் கப்பல் பேச்சைச் சொன்னதும் அதே வாரம்தான். வண்டி நின்றுபோனால் கொட்டகையே மூடிவிடும், அப்புறம் ஒரு ஆள்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்தேன். ஒவ்வொரு உருளையின் ஓரத்திலும் பளபளவென்று புதுக் கிரீஸ், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. நன்றாகத்தானே போட்டிருக்கிறார் என்று திரும்பப் போனவன், சும்மா இருக்க முடியாமல் ஒரு குழியில் அடைந்திருந்த சேற்றை விரலால் தோண்டினேன்.

உள்ளே சிவப்பு.

முதலில் துரு என்று நினைத்தேன். துரு இல்லை, குங்குமம். அதன் அடியில் காய்ந்து இறுகிய சந்தனம். முனையை மூடி, பொட்டு கலையாமல், பூசையன்று வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த குழியைத் தோண்டினேன். அங்கேயும் அப்படியே. பம்பின் மூக்கு ஒரே ஒரு தடவை அந்த முனையில் பட்டிருந்தால்கூடச் சந்தனம் நொறுங்கியிருக்கும்.

அப்படியானால் தினமும் காலையில் சோப்பைச் சுரண்டி, எண்ணெய் பூசி, மட்டை விரித்து, அரை மணி நேரம் அடியில் படுத்து அந்த மனிதர் என்னதான் செய்துகொண்டிருந்தார்? மறுநாள் விறகு எடுக்கிற சாக்கில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். பம்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மூங்கில் பட்டையின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து, ஒவ்வொரு உருளையின் ஓரத்திலும் தொட்டுத் தொட்டு வைத்தார். கோயிலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு விபூதி கொடுப்பது போல. வெளியே இருந்து குனிந்து பார்க்கிற துரைக்குப் புதுக் கிரீஸ் தெரியும். பழையது வெளியே வராது. பழையது வராவிட்டால் கறை ஏது?

“அண்ணே, முனையில குங்குமம் அப்படியே இருக்கு” என்றேன்.

அவர் கொஞ்சமும் பதறவில்லை. “சாமிக்கு வச்சத அழிக்கச் சொல்றியா?”

“இல்லண்ணே, பூசைக்கு அப்புறம் கிரீஸே உள்ள போகலியே. கீச்சுன்னு சத்தம் வருது. எறக்கத்துல பொம்பளைங்க குந்தி வராங்க...”

“கர்ப்பஸ்திரி வீட்டுல இருக்கா. நீ சாமி குத்தத்த வாங்கிக் கட்டிக்காத. போ.”

என் மனைவியின் வயிற்றை எடுத்து என் வாயை அடைத்தார். நானும் அடைபட்டேன். துரையிடம் போய்ச் சொன்னால் துரை யாரை நம்புவார்? வெள்ளைச் சட்டையையா, எருமைக் குளம்பையா?

அந்த மாதமே நடந்தது. மேட்டுக்காட்டு வளைவில் பெட்டி நிறைய ஆட்கள், பால் வாளிகள். கீச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றது. சத்தம் நின்றதுதான் எனக்குப் பயம். காய்ந்த உருளை ஒன்று சுற்றாமல் இறுகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. வலது சங்கிலி துள்ளிக் கழன்றது. ஒரு சங்கிலியோடு வண்டி பக்கவாட்டில் திரும்ப, பின்னால் பெட்டி அதன் மேல் முட்டித் தள்ள, நான் தடைக்கட்டையில் தொங்கினேன். பெண்கள் அலறினார்கள். பெரிய கித்தா மரம் ஒன்று குறுக்கே இருந்தது. அதில் மோதிப் பெட்டி நின்றது. வாளிகள் கவிழ்ந்து அஞ்சலை அக்கா தலையிலிருந்து கால்வரை பாலில் நனைந்து, கண்ணைத் திறக்க முடியாமல், “எம்புள்ளைங்க, எம்புள்ளைங்க” என்று கத்தினாள். யாருக்கும் எலும்பு முறியவில்லை. அதை நான் இன்றுவரை கடவுள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அவர் முதலிலேயே குதித்துப் புல்லில் நின்றார். குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்களையல்ல. கால்சட்டையின் முட்டியை.

மலாக்காவிலிருந்து ஒரு சீனப் போமன் வந்தான். மிஷின் பழுது பார்ப்பவனை இங்கே போமன் என்போம். இறுகிய உருளையைப் பிரித்து உள்ளே விரலை விட்டான். செந்துருப் பொடி விரலில் ஒட்டியது. எல்லா உருளைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, மலாயில், “கெரிங். ஸெமுவா கெரிங்” என்றான். எல்லாமே காய்ந்து கிடக்கிறதாம்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. தோட்டத்துத் தமிழில் கேட்டார். “யார் கிரீஸ் போட்டான்?”

அவர் என்னைக் கை காட்டினார். யோசிக்கவே இல்லை. “இவன்தான் தொர. நான் டிரைவரு. கீழ படுக்கிற வேலையெல்லாம் இவனுது. கையப் பாருங்களேன்.”

துரை என் கையைப் பார்த்தார். அவர் கையைப் பார்த்தார். எனக்குக் கப்பல் பலகையின் மேல் கால் வைத்துவிட்டது மாதிரி இருந்தது. காதோரத்தில் இன்னும் பால் உறைந்து ஒட்டியிருந்த அஞ்சலை அக்காதான் முன்னால் வந்தாள்.

“பொய் தொர! டப்பாச் சாவி அவரு இடுப்புல தொங்குது. இந்தப் பயந்தாங்கொள்ளி கையில ஒரு நாளாச்சும் குடுத்திருப்பாரா? கேளுங்க!”

“இவளுக்கு என்னா தெரியும் தொர, பொம்பள...”

“பேச்சு வேணாம்” என்றார் துரை. போமன் உருளைகளைச் சரிசெய்யும்வரை பொறுத்திருந்தார். பிறகு இரண்டு பம்பை எடுத்துவரச் சொன்னார். “இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் நீ. நான் பார்க்கிறேன். ஒருத்தன் இருப்பான். ஒருத்தன் கப்பல்.”

எனக்கு அப்போது முதல்முறையாக நம்பிக்கை வந்தது. கறை படாமல் கிரீஸ் போட முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒழுங்காகப் போட்டால் வெள்ளைச் சட்டை போகும். சட்டையைக் காப்பாற்றினால் உருளை காய்ந்துதான் கிடக்கும். எப்படியும் மாட்டிக்கொள்வார். வழியில் நின்ற பெண்களுக்கு நடுவே என் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மாரியம்மனை நினைத்துக்கொண்டு அடியில் புகுந்தேன்.

பம்பைத் தொட்டுப் பழகாத கை. கிரீஸை அள்ளி அடைத்ததில் உள்ளே காற்று நின்றுவிட்டது. அழுத்தினால் ஒரு தடவை வரும், மறுதடவை துப்பும். மூக்கு முனையிலிருந்து நழுவி என் கன்னத்தில் பீச்சியது. விடவில்லை. ஒவ்வொரு உருளையிலும் பழைய கறுப்பு பிதுங்கும்வரை அழுத்தினேன். கண்ணுக்குள், காதுக்குள், வாயில்கூடக் கிரீஸ். எழுந்து வந்தபோது அஞ்சலை அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பரிதாபமா தெரியவில்லை.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

அவர் மட்டையில் சாய்ந்து படுத்திருந்தார். சந்தனத்தை மூங்கில் பட்டையால் சுரண்டி, முனையைத் துணியால் துடைத்து, கித்தா வட்டம் மாட்டிய மூக்கை வைத்து நிதானமாக அழுத்தினார். ஓரத்தில் பழையது தலைகாட்டியது. நிறுத்தவில்லை. இன்னும் அழுத்தினார். கறுப்பு வந்து, பழுப்பு வந்து, கடைசியில் வெல்லப்பாகு நிறத்தில் புதுசே வந்தது. வந்ததையெல்லாம் மூங்கில் நாக்கால் ஒரே வழிப்பாக வழித்துக் கொட்டாங்கச்சியில் விட்டார். சுற்றிலும் மண் புகாமல் இருக்க ஒரு மெல்லிய வளையத்தை மட்டும் விட்டுவைத்தார். பிறகு அடுத்த உருளை. அவசரமே இல்லை. ஒன்றுகூட விடவில்லை.

எழுந்து நின்றார். சட்டையில், கால்சட்டையில், நகத்தில், எங்கேயும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

போமன் இரண்டு பக்கமும் உருளைகளைச் சுற்றிப் பார்த்து, “டுவா டுவா பாகுஸ்” என்றான். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறதாம். துரை என்னைப் பார்த்தார். எவ்வளவு அடக்கியும் முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, “நீ இரு. ஆனா தினமும் இப்படி” என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

கப்பலிலிருந்து எங்களைத் தப்பவைத்தது அந்தச் சீனப் போமன்தான். சாமான்களைக் கட்டும்போது, மலாக்காவில் தன் பட்டறையில் லாரி கழுவ ஆள் வேண்டும், கூலி என்று எதிர்பார்க்காதே, இரண்டு பேருக்குச் சாப்பாடு நிச்சயம், வருகிறாயா என்று மலாயில் கேட்டான். போனோம். பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடிசையில் என் மகள் பிறந்தாள். அழுக்கைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை. நகத்தில் சோப்பைச் சுரண்டிக்கொள்ளும் வித்தையை நான் அங்கேயும் செய்தேன், இன்றும் செய்கிறேன். நல்ல வித்தை. அதைக் கற்றுக்கொடுத்தவரை நினைத்தால்தான் வாய் கசக்கிறது.

தீர்ப்பு சொன்ன மறுநாள் மத்தியானம், மூட்டை கட்டுவதற்கு முன் அவரைத் தேடிப் போனேன். சண்டை போட அல்ல. எனக்குச் சண்டை வராது. ஒன்று மட்டும் மனசைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் நின்று தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கற படாமப் போடுறதுன்னா உள்ள போகாது, அதான் நீங்க போடலன்னு நெனச்சிருந்தேன்” என்றேன். “நேத்து மட்டும் எப்படிப் போச்சு?”

“எப்பவுமே போகும். கூடக் கால் மணி நேரம் ஆகும், அவ்ளோதான்.”

“அப்ப ஏண்ணே இத்தன நாளா போடல?”

என்னைப் புரியாமல் பார்த்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

“இத்தன நாளா யாருடா தம்பி பாத்துக்கிட்டிருந்தா?”

கழன்ற சங்கிலியை இன்னும் மாட்டி முடிக்காததால் மேட்டுக்காட்டு ஆட்கள் அன்று பால் வாளிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கி வந்தார்கள். கொட்டகை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் அஞ்சலை அக்கா, பின்னால் மற்றவர்கள். வாளி தளும்பிப் பால் சிந்துவதைப் பார்த்ததும் அவர் சட்டென்று சுவரோரமாக ஒதுங்கி, கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எல்லோரும் கடந்து போகும்வரை அசையாமல் நின்றார்.